இரண்டாவது எண்

அந்தக் காது மெஷின் கடையில் வேலைக்குச் சேர்கிற எல்லோரும் முதல் நாள் செய்கிற காரியம் ஒன்றுதான். கம்ப்யூட்டரைத் திறந்து, வாடிக்கையாளர் வரிசையில் முதலாவதாக இருக்கும் பெண்ணின் பதிவை எடுத்து, 'நகல்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அச்சு அசலாக இன்னொரு பெண் திரையில் வந்து நிற்பாள். அதே பெயர், அதே தெரு, அதே மொழி, செய்தி அனுப்பலாமா என்ற கட்டத்தில் அதே 'ஆம்'. பிறகு பெயரை அழித்துவிட்டு வந்திருப்பவரின் பெயரைப் போட வேண்டும். தெருவை அழித்து அவருடைய தெருவை. இப்படி அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்துவிட்டால், புது வாடிக்கையாளர் தயார்.

அந்த முதல் பெண் எங்கோ இருப்பவள் அல்ல. அதே கடையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில், வருகிறவர்களின் காதில் மெஷினை மாட்டி, திருகி, "இப்ப கேக்குதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருப்பவள்தான். கடை திறந்த வாரத்தில் முதல் ஆளாகப் படியேறி வந்து தன் வலது காதுக்கு ஒரு மெஷின் வாங்கினாள். இரண்டு மாதம் கழித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். மெஷின் மாட்டியவளே எதிரில் உட்கார்ந்து பேசினால் வருகிறவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போகும் என்று முதலாளி நினைத்தார். அவர் நினைத்தது சரியாகவே இருந்தது.

புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பாள்.

"காலிப் பதிவைத் திறந்து ஆரம்பிக்காதீங்கம்மா. கேள்வி கேட்டே கொன்னுடும். ஒரு கட்டத்தை விட்டாலும் சேவ் ஆகாது. என்னைத் திறங்க, நகல் எடுங்க, மாத்த வேண்டியதை மட்டும் மாத்துங்க."

"உங்களை அழிக்கறதுக்குக் கை வரமாட்டேங்குதுக்கா," என்றாள் இப்போது கவுண்டரில் இருக்கிற பெண், சேர்ந்த அன்றைக்கு.

"தைரியமா அழி. அழியறது நகல்தான். அசல் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

அதிலிருந்து அவளுக்கு 'மாதிரிக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

மாதிரிக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அடுப்பு மேடைக்குக் கீழே இரண்டு பாத்திரம் வைக்கிற இடத்தில் இரண்டே பாத்திரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரியே மெஷினையும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். அந்த நிமிஷத்தோடு உலகம் வாசலுக்கு வெளியே போய்விடும். எதிர் வீட்டுக் குழந்தை வாயைத் திறந்து அழுவது ஜன்னல் வழியாகத் தெரியும், அழுகை தெரியாது. குழாயை மூடினோமா என்று கையை வைத்துப் பார்த்துத்தான் நிச்சயம் செய்துகொள்வாள். யாராவது கதவைத் தட்டினால் கேட்காதே என்று முன்பெல்லாம் ஒரு கவலை இருந்தது. தட்டுவதற்கு யாரும் இல்லை என்பது பழகிய பிறகு அந்தக் கவலையும் தீர்ந்துபோயிற்று.

கடையில் அப்படி இல்லை. கடையில் சத்தம் இருந்தது, சிரிப்பு இருந்தது. கவுண்டர் பெண் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லும் கதைகள் இருந்தன. மாதிரிக்கா அந்தக் கதைகளை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள். காது கேட்காமல் இல்லை, ஆசைக்காக.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். நல்ல மனிதர்; ஆனால் எதையும் கடைசி நேரத்தில் சொல்கிறவர்.

"அடுத்த வாரம் புது சாஃப்ட்வேருக்கு மாறறோம். அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரே போன் நம்பர் ரெண்டு பதிவுல இருந்தா, ரெண்டும் ஒரே ஆளுன்னு நினைச்சுச் சேர்த்துடும். ஒருத்தரோட காது அளவு இன்னொருத்தருக்குப் போயிடும். அதனால மாதிரிக்கா, நீங்க உக்காந்து எல்லாப் பதிவையும் ஒரு பார்வை பார்த்துடுங்க. முதல் நம்பர், ரெண்டாவது நம்பர், ரெண்டையும்."

"எப்பக்குள்ள சார்?"

"நேத்தே முடிச்சிருக்கணும்."

கவுண்டர் பெண் சிரித்தாள். மேனேஜரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது எண் என்பது அந்தக் கடையில் சாதாரண விஷயம் இல்லை. மற்றக் கடைகளில் அதை ஒப்புக்குக் கேட்பார்கள். இங்கே வருகிறவர்களுக்கோ போன் அடித்தாலே கேட்காது. ரிப்பேருக்குக் கொடுத்த மெஷின் தயார் என்று சொல்ல வேண்டுமானால், யாரிடம் சொல்வது? அதனால், நீங்கள் எடுக்காவிட்டால் உங்களுக்காக எடுக்கிறவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் பதிவு சேவ் ஆகாது. மகன் எண்ணைக் கொடுப்பார்கள், மனைவி எண்ணைக் கொடுப்பார்கள், ஒருவர் பால் போடுகிறவரின் எண்ணைக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில், மாதிரிக்கா பதிவுகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்த நேரத்தில், ஒரு தையல்காரர் வந்தார். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு படிக்கட்டின் அடியில் கடை வைத்திருப்பவர். எழுபது இருக்கும். ரிப்பேருக்குக் கொடுத்த மெஷினை வாங்க வந்திருந்தார். கவுண்டர் பெண் டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா தாத்தா? எத்தனை தடவை போன் பண்ணினோம்."

அவர் மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, "என்ன சொன்னே?" என்றார்.

"எத்தனை தடவை போன் பண்ணினோம்னு கேட்டேன் தாத்தா."

"தாத்தான்னு கூப்பிட்டா அளவைக் குறைச்சுத் தச்சுக் குடுத்துடுவேன். போன் கேக்கறதுக்குத்தானே மெஷினு. மெஷின் உங்ககிட்ட. அப்புறம் எப்படிக் கேக்கும்?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது கிடக்கட்டும். உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்களே, விடாம கூப்பிடறவங்க. அவங்க எங்க? ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டுப் போறேன்."

"எந்த அம்மா?"

"நாலு நாளா அடிச்சாங்களாம். கடைசியில பக்கத்துக் கடைக்காரர் எடுத்து என் காதுல வெச்சாரு. அந்தம்மா கத்தின கத்து, எனக்கு மெஷின் இல்லாமலே கேட்டுது. 'மெஷின் ரெடியாயிடுச்சு, போய் வாங்குங்க. காதில்லாம ரோட்டுல நடக்காதீங்க, வண்டி வந்தாத் தெரியாது'ன்னு அதட்டறாங்க. என்னை யாராவது அப்படி அதட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"ஓ, அவங்களா," என்றாள் கவுண்டர் பெண். "அவங்க ஆபீஸ் இல்ல. உங்க ரெண்டாவது நம்பர்ல இருக்கற அக்கா. நீங்க எடுக்கலைன்னு அவங்களுக்குப் பண்ணினேன். உங்க நம்பரைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. உங்க அக்காதானே?"

தையல்காரர் சிரித்தார். "எனக்கு அக்கா ஏதும்மா? யாருமே கிடையாது. அன்னிக்கே சொன்னேனே. ரெண்டாவது நம்பர் குடுங்கன்னு அப்ப இங்க இருந்த பொண்ணு கேட்டுது. இல்லம்மான்னேன். சரி விடுங்க, நான் பார்த்துக்கறேன்னுச்சு."

ஜன்னலோர மேஜையில் மாதிரிக்காவின் கை நின்றது.

அந்தப் பெண் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாடம் எடுத்தவளே அவள்தானே. காலியாக விட்டால் சேவ் ஆகாது. கொடுக்க அவருக்கு ஆள் இல்லை. நகலில் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள்.

தையல்காரரின் பதிவைத் திறந்து கீழே இறக்கினாள். இரண்டாவது எண் இருந்தது. அதைப் படிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. கடைசி இரண்டு இலக்கமே போதுமாக இருந்தது.

அந்த எண்ணைத் தேடல் கட்டத்தில் போட்டாள். திரை நிரம்பி, இன்னொரு பக்கத்துக்கும் போயிற்று. நாற்பது பேருக்கு மேல். ஓய்வுபெற்ற ஓட்டுநர், விடுதியில் தங்கியிருக்கும் நர்ஸ், பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதப்படாத ஒரு கிழவி. ஒன்பது வருஷத்தில் அந்தக் கடைக்கு வந்த, 'எனக்கு யாரும் இல்லை' என்று சொன்ன அத்தனை பேரும் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நின்றார்கள். வரிசையின் தலையில் அவள் நின்றாள்.

"மாதிரிக்கா, என்னாச்சு? மூஞ்சி வெளுத்துப் போச்சு," என்றாள் கவுண்டர் பெண்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது? நாற்பது பேருக்குச் சொந்தமா? நம்மாளு யாராவது சும்மா அடிச்சு விட்ட நம்பரா?"

"இல்ல சார்," என்றாள். திரையில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்து, "எங்க அக்கா," என்றாள்.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

*

வீட்டில் இரண்டே பெண்கள். அக்கா பெரியவள், ஐந்து வயது மூத்தவள். தங்கைக்கு ஜடை பின்னிவிட்டது, சைக்கிள் பழக்கியது, முதல் வேலைக்குக் கூடவே போய் வாசலில் காத்திருந்தது எல்லாம் அவள்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும், இரண்டு பேரும் வாரம் தவறாமல் போனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அம்மா கடைசிக் காலத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தக் காலத்தில்தான் தங்கைக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று ஒரு பயம். செவிடு என்ற சொல்லின் மேல் அதைவிடப் பெரிய பயம். போனில் அக்கா சொல்வது பாதி கேட்காது. "ம்", "சரி" என்று சமாளிப்பாள். பேச்சு குறைந்தது. தங்கைக்குத் தன்மேல் பிரியம் விட்டுப்போயிற்று என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு முடியாமல் போன அன்று அக்கா கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் தலைமாட்டில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. தங்கை பக்கத்திலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் விஷயம் தெரிந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உறவெல்லாம் கூடியிருந்த அந்தக் கூடத்தில் அக்கா அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "கேக்கலைன்னு சொல்லாதே. உனக்குக் கேக்க மனசில்லை. அம்மா உன் பேரைச் சொல்லிட்டேதான் போனா. இனிமே என் வாசப்படி ஏறாதே."

எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது அக்கா என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

அடுத்த வாரமே மெஷின் வாங்கப் படியேறினாள். 'உங்களுக்காக எடுக்கிறவர் எண்' என்று கேட்டபோது, அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சொல்லிவிட்டாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு தன் பதிவில் அந்தக் கட்டம் வரைக்கும் அவள் இறக்கிப் பார்க்கவே இல்லை.

*

"சிக்கலே இல்லை," என்றார் மேனேஜர், நிம்மதியாக. "வேற ஆளா இருந்தா மன்னிப்புக் கேக்கணும். உங்க அக்காதானே. ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. மத்தவங்களுக்கெல்லாம் நம்ம கடை நம்பரையே ரெண்டாவது நம்பராப் போட்டுடலாம். கடை நம்பரை மட்டும் அது கணக்குல எடுக்காது, யாரையும் சேர்க்காது. உங்க பதிவுல மட்டும் அக்கா இருக்கட்டும். மாறறதுக்கு முன்னாடியே புது சாஃப்ட்வேர்லேர்ந்து அவங்களுக்கு ஒரு செய்தி போகும், இவங்களுக்காக இருக்கச் சம்மதமான்னு. சம்மதம்னு ஒரு பதில் போடணும். அவ்வளவுதான்."

"பதில் வரலைன்னா சார்?"

"வராம எங்க போகும்? கூடப் பிறந்தவங்க."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போய்விட்டார். மாதிரிக்காவுக்கு அது அவ்வளவாக இல்லை. அந்த எண்ணை நாற்பது பேரிடமிருந்தும் எடுத்துவிட்டால், கடைக்கும் அக்காவுக்கும் இருந்த நூல் அறுந்துவிடும். தன் பதிவில் மட்டும் மிச்சம் இருக்க வேண்டுமானால், தன்னை வாசப்படி ஏறாதே என்றவளிடம், 'எனக்காக நீ இருப்பாயா' என்று கேட்க வேண்டும். இல்லை என்று வந்துவிட்டால்? கேட்காத வரைக்கும் அக்கா ஒரு கட்டத்தில் இருந்தாள். கேட்டால் அங்கேயும் இல்லாமல் போகலாம்.

மத்தியானம் வரைக்கும் வேறு வேலையெல்லாம் செய்தாள். மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு கடை போனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சொல்லும்மா. இன்னைக்கு யாரு?"

குரல் கனத்திருந்தது, உரக்க வந்தது. வயதானதற்காக மட்டும் யாரும் இவ்வளவு சத்தமாகப் பேசுவதில்லை. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்பது மாதிரிக்காவுக்குத் தெரியும். தினம் அப்படி எத்தனையோ பேர் எதிரில் உட்காருகிறார்கள். அக்காவுக்கும் காது போய்க்கொண்டிருக்கிறது.

"காது மெஷின் கடையிலேர்ந்து பேசறோம்மா," என்றாள், வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரலில்.

"அதான் போன்ல பேரு வருதே. யாரு எடுக்கல? அந்தத் தையல்காரர் வந்து வாங்கிட்டுப் போனாரா?"

"வாங்கிட்டாரும்மா. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"அதெல்லாம் எதுக்கு. சத்தமாப் பேசும்மா, நீ புதுசா? உங்க கடையில பழைய ஆளுங்கல்லாம் சௌக்கியமா இருக்காங்களா?"

அந்தக் கடையில் பழைய ஆள் ஒருத்திதான். மாதிரிக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும் முன் அக்கா இதைக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. "எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா" என்று யாரோ ஒரு பெண் மரியாதைக்குச் சொல்லியிருப்பாள். அந்த ஒரு வரிக்காகவே அக்கா அடுத்த தடவை போன் அடிக்கும்வரை காத்திருந்திருப்பாள்.

"இருக்காங்கம்மா," என்றாள். "ஒரு விஷயம் சொல்லணும். நாற்பது பேருக்கு உங்க நம்பர் தப்பா விழுந்திருக்கு. எல்லாத்தையும் எடுக்கப் போறோம். இனிமே உங்களுக்குத் தொந்தரவு வராது."

"தொந்தரவுன்னு நான் என்னிக்குச் சொன்னேன்?"

"இல்லம்மா, புது சாஃப்ட்வேர்..."

"எல்லாத்தையுமா எடுக்கறீங்க?"

"ஆமாம்மா."

"அதுல ஒருத்தி இருப்பா, உங்க கடையிலயே வேலை பாக்கறாளாம். முத முதல்ல நம்பர் குடுத்தது அவதான். அவளை மட்டும் எடுக்காதீங்க."

"அவங்க வேற நம்பர் குடுத்துக்கலாமே."

"அவளுக்கு வேற யாரு இருக்கா?"

அக்கா பேசிக்கொண்டே போனாள். முகம் தெரியாத ஒருத்தியிடம்தான் மனிதர்கள் மனசைத் திறக்கிறார்கள்.

"உங்க கடைப் பேரு போன்ல வரும்போதெல்லாம் எனக்கு உயிர் போயிட்டுப் போயிட்டு வரும்மா. அவளுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு. எடுத்துப் பார்த்தா ஒரு டிரைவரு, ஒரு நர்ஸு. அப்பாடான்னு இருக்கும். அந்த அப்பாடாவுக்குத்தான் அவங்களுக்கெல்லாம் நானே போன் பண்ணிச் சொன்னேன். எனக்கு இவங்களைத் தெரியாது, தப்பு நம்பர்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னா எடுத்துடுவீங்களே. அப்புறம் நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு சொல்லுவா?"

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"உங்க கடையிலேர்ந்து முத தடவை கூப்பிட்டு, 'உங்க தங்கச்சிக்கு வலது காதுக்கு மெஷின் ரெடி, இடது காதுல இனிமே ஒண்ணும் செய்ய முடியாது'ன்னு ஒரு பையன் சொன்னான். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவளுக்கு நெஜமாவே கேக்கலைன்னு. அதுக்குள்ள நான் ஊரைக் கூட்டி வெச்சு அவளை என்னென்னமோ சொல்லியாச்சு. சொன்னதை வாய்க்குள்ள திருப்பிப் போட முடியுமா? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவகிட்டப் பேசறது? நீ சொல்லு."

மாதிரிக்காவின் கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்தைத் தாண்டி மேஜையில் விழுந்தது. கவுண்டர் பெண் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள்.

"என்னம்மா? சரியாக் கேக்கல."

மெல்லச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள வழி இல்லாமல் போயிற்று. மெஷின் பொருத்திக்கொள்ள வந்து காத்திருந்தவர்கள், மேனேஜர், கவுண்டர் பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கடை முழுக்க நிறைகிற மாதிரி அவள் கத்த வேண்டியிருந்தது.

"அக்கா, நான்தான்."

எதிர்ப்பக்கம் எங்கேயோ ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு போன் வைக்கப்பட்டது.

*

அன்று சாயங்காலம் முழுவதும் அவள் ஒவ்வொரு பதிவாகத் திறந்து அக்காவின் எண்ணை எடுத்தாள். ஓட்டுநரிடமிருந்து எடுத்தாள். நர்ஸிடமிருந்து எடுத்தாள். தையல்காரருடையதை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டுத்தான் எடுத்தாள். அதட்டுவதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆளை எடுக்கிறோமே என்று இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் கடையின் எண்ணைப் போட்டாள். இனிமேல் அவர்கள் போனை எடுக்காவிட்டால் கடை தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும்.

கடைசியாகத் தன் பதிவைத் திறந்தாள். சம்மதம் கேட்கும் பொத்தானை அழுத்தினாள். 'செய்தி அனுப்பப்பட்டது' என்று வந்தது.

புதன்கிழமை பதில் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. கடை போன் அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். கவுண்டர் பெண் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது எல்லாம் தெரியும். அந்த 'இல்லை'யை மட்டும் மாதிரிக்கா இரண்டு தடவை சொல்லச் சொல்லவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. என் நம்பரைப் போட்டுக்கட்டுமா?" என்றாள் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டே.

"நீ இன்னும் ஆறு மாசத்துல வேற நல்ல வேலை கிடைச்சுப் போயிடுவேம்மா."

"போனா என்ன? போன் என் கையிலதானே இருக்கும்."

"இருக்கும். அப்ப நான் யாருன்னு உன் வீட்டுக்காரர் கேப்பாரு. பழைய ஆபீஸ்ல ஒரு அம்மான்னு சொல்லுவே." சிரிக்கத்தான் பார்த்தாள். "போம்மா, பஸ் போயிடும்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதில் வந்தது. அவள் பதிவின் கீழே, இரண்டாவது எண் இருந்த இடம் காலியாகியிருந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் மூன்று வார்த்தை: 'சம்மதம் தெரிவிக்கப்படவில்லை: மறுப்பு.'

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். கோபம் வரவில்லை. பதிலே வராமல் போயிருந்தால் செய்தி சேரவில்லை, அக்காவுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஏதாவது சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அக்கா படித்திருக்கிறாள். யோசித்திருக்கிறாள். விரலால் 'இல்லை' என்பதை அழுத்தியிருக்கிறாள்.

காலியாக விட்டால் சேவ் ஆகாது. மாதிரிக்கா கடையின் எண்ணைத் தட்டினாள். தையல்காரருக்கும் ஓட்டுநருக்கும் போட்ட அதே எண். சேவ் ஆயிற்று.

அன்று வீட்டுக்குப் போய் மெஷினைக் கழற்றவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஜன்னல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிர் வீட்டுக் குழந்தை அழுவதையும், அதன் அம்மா சமாதானம் சொல்வதையும், குழந்தை மறுபடி அழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் போன் அடித்தது. கவுண்டர் பெண் எடுத்தாள். கேட்டாள். போனைக் கொண்டுவந்து ஜன்னலோர மேஜையில் வைத்தாள்.

"நான் மாட்டேன்னு போட்டேன், பார்த்தியா?" என்றது அந்த உரத்த குரல்.

"பார்த்தேன்."

"என்ன?"

"பார்த்தேங்கா."

"உனக்கு ஒண்ணுன்னா எவனோ ஒருத்தன் கடையிலேர்ந்து போன் பண்ணி எனக்குச் சொல்றதா? ஒன்பது வருஷம் அப்படி இருந்தாச்சு. போதும்டி. அந்தக் கட்டத்துல நான் வேண்டாம்." அக்கா நிறுத்தினாள். அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று மெஷினுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "உன் போன் நம்பர் எங்கிட்ட இல்லை. பழசு போக மாட்டேங்குது. சொல்லு, எழுதிக்கறேன்."

அவள் சொன்னாள். அக்காவுக்குக் கேட்கவில்லை. மறுபடியும், ஒவ்வொரு இலக்கமாக, சத்தமாகச் சொன்னாள்.

"எட்டா? ஏழா?"

"ஏழு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ரெண்டு. நீ திருப்பிச் சொல்லு, பார்க்கறேன்."

அக்கா திருப்பிச் சொன்னாள். நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார். கவுண்டர் பெண் அவரை உட்காரச் சொன்னாள்.

ஒருவழியாக எண் சரியாக வந்தது. அதற்குப் பிறகு பேச இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அக்கா வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தங்கைக்குத் தெரியாது. தங்கை எந்த மாடியில் இருக்கிறாள் என்று அக்காவுக்குத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருவரும் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.